படத்தில் இருப்பவள்

மாத்தளை
2024 மே 5

துஷா,

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். உன் போனுக்கு எடுத்தால் பாதி நேரம் உன் மாப்பிள்ளைதான் ஹலோ என்கிறார். இது அவர் காதில் விழ வேண்டிய விசயம் இல்லை. அதனால்தான் நீ வேலை செய்கிற தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா விலாசத்துக்கு எழுதுகிறேன். அங்கே உன்னை விட்டால் மற்றதெல்லாம் தொட்டிலில் கிடப்பவை. அவை வாசித்தால் பரவாயில்லை.

என் கவிதைகள் புத்தகமாக வரப்போகின்றன. நான் வேலை செய்கிற மருந்துக் கடைக்கு, அந்தப் பாமசிக்குப் பின்னால் ஸக்கரியா நானாவின் அச்சகம் இருக்கிறதல்லவா, அவர்தான் அடித்துத் தருகிறார். கல்யாணக் கார்டு அடித்தடித்து அலுத்துவிட்டதாம், ஒரு மாறுதலுக்குக் கவிதை அடித்துப் பார்க்கிறேன் என்கிறார். ஜூன் நடுவில் வேலை தொடங்கும்.

புத்தகம் முழுக்க ஒரே விசயம்தான். கறுப்பாகப் பிறந்து, கறுப்பாகவே வளர்ந்த ஒருத்தியின் கதை. போன வருசம் நூலகத்தில் அமெரிக்காவில் கறுப்பினத்தில் பிறந்த ஒரு பெண் எழுதிய கவிதைகளைத் தமிழில் படித்தேன். சுருட்டை முடியை நேராக்க அவள் அம்மா சூடான சீப்பால் இழுப்பாளாம், காது பொசுங்குமாம். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நூலகர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எங்கோ இருக்கிற ஒருத்திக்கு நம் தோட்டத்து லய வீட்டுக் குளியலறை எப்படித் தெரிந்தது என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

என் கவிதைகளில் ஒன்றில் நீ வருகிறாய். கீழே எழுதியிருக்கிறேன்.

*பார்க்க வந்தவர்கள்*

*தரகரிடம் கொடுத்த படத்தில்*
*ஸ்டூடியோக்காரர் என்னை வெளுத்திருந்தார்.*
*தேத்தண்ணீர்த் தட்டோடு நான் வந்தேன்.*
*"பொண்ணு எங்க?" என்று கேட்டார்கள்.*
*தட்டைப் பிடித்திருந்தவை என் கைகள்தான்.*
*கதவோரம் தங்கை நின்றாள்.*
*மாமியாராக வந்தவள் அவளைக் காட்டினாள்:*
*"படத்தில இருக்கிறது இவதான்.*
*இவளையே குடுங்க."*
*படத்தில் இருந்தது நான்.*
*அதைச் சொல்ல அங்கே ஒருவருமில்லை.*
*நானும் சொல்லவில்லை.*

உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. இது என்னுடைய கதை. ஊர் வாசிப்பதற்கு முன்னால் நீ வாசிக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

அக்கா
சந்திரகாந்தா


எல்கடுவ
2024 மே 13

அக்காவுக்கு,

நீங்கள் என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். கோபம் வந்தால் எனக்கு வாயில் நீங்கதான் வரும், சின்னதிலிருந்து உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கடிதம் வந்த நேரம் என்ன நேரம் தெரியுமா? டிலுக்ஷி பெரியபிள்ளையாகி நாலு நாள் ஆகியிருந்தது. பெரியம்மாவுக்கு முதல் ஆளாகச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் கடிதத்தைக் கொடுத்தார். உங்கள் எழுத்தைப் பார்த்ததும் சந்தோசமாகத்தான் பிரித்தேன்.

அந்தக் கவிதையைப் புத்தகத்தில் போடக் கூடாது.

சொல்ல அங்கே ஒருவருமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இருந்தேன். ஏலெவல் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவள். என்னை யார் கேட்டார்கள்? அம்மா கேட்டாளா, அப்பா கேட்டாரா? உங்களை வேண்டாம் என்றார்கள், என்னை வேண்டும் என்றார்கள். இரண்டு பேரையும்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் கவிதையில் நான் கதவோரம் நிற்கிற மரக்கட்டை.

அது போகட்டும். நான் கேட்பது எனக்காக இல்லை. டிலுக்ஷி உங்கள் நிறம். பிறந்த அன்றைக்கே மாமி பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பெரியம்மாவ உரிச்சு வெச்சிருக்கா என்று சொன்னார். இப்போது மூக்கும் கண்ணும்கூட உங்களுடையதுதான். கையில் கிடைக்கிற கடதாசியையெல்லாம் வாசிக்கிறவள். பெரியம்மா புத்தகம் போட்டிருக்கிறாள் என்றால் சும்மா விடுவாளா? இதை வாசிப்பாள். வாசித்துவிட்டு என்னிடம் வந்து என்ன கேட்பாள்? அப்பா பெரியம்மாவப் பார்க்க வந்து, கறுப்புன்னு வேணாம்னுட்டாங்களா என்று கேட்பாள். அப்படியென்றால் என்னைப் பார்க்கும்போது அப்பாவுக்கு என்ன தோன்றும் என்று அதற்கடுத்து யோசிப்பாள். அதை வாய்விட்டுக் கேட்கக்கூட மாட்டாள், உள்ளேயே வைத்துக்கொள்வாள். அந்தக் குணமும் உங்களுடையதுதான்.

அவளுக்கு அவர்தான் எல்லாம். காலையில் ஓட்டோவில் முன் சீட்டில் அவர் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போவாள். அவர் குடிக்கிறதில்லை, கை நீட்டுகிறதில்லை. பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் என்றால் ஹயர் போகாமல் வீட்டில் இருக்கிற மனுசன். உங்களுக்கு அநியாயம் நடந்தது. இல்லையென்று நான் சொல்லவில்லை. அதற்காக என் பிள்ளையிடமிருந்து அவள் அப்பாவைப் பிடுங்காதீர்கள்.

மாமியைப் பற்றி எழுதியிருப்பதையும் வாசித்தேன். அதைப் பற்றி இப்போது பேசவில்லை.

ஜூன் இரண்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை சடங்கு. கவிதையை எடுத்துவிட்டால் வாருங்கள். எடுக்க முடியாது என்றால் வர வேண்டாம்.

துஷாந்தினி


மாத்தளை
2024 மே 18

துஷா,

டிலுக்ஷி பெரியவளான செய்தி எனக்கு இப்படியா வரவேண்டும்? இந்த நாளுக்கென்று அவளுக்கு முன்பே வாங்கி வைத்த பட்டுத் துணி என் அலமாரியில் இருக்கிறது. கவிதையை எடுத்தால்தான் அதைக் கொண்டுவரலாம் என்று விலை வைத்துவிட்டாய்.

எடுக்க மாட்டேன்.

நான் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறேன் என்று ஒருநாளாவது யோசித்திருக்கிறாயா? வெள்ளையாக்கும் கிரீம் விற்கிறேன். கண்ணாடிப் பெட்டியில் மூன்று தட்டும் அதுதான். தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு கிரீமைப் பார்ப்பார்கள். ஒருத்தி கேட்டே விட்டாள், மிஸ் நீங்க இது பூசுறதில்லையா என்று. பூசித்தான் இப்படி ஆனேன் என்றேன். வைத்துவிட்டுப் போய்விட்டாள். முதலாளி என்னை அன்றைக்கு ஏசினார்.

நீ அப்பாவைப் பிடுங்காதே என்கிறாய். என்னிடமிருந்து என்னென்ன பிடுங்கினார்கள் என்று சொல்லட்டுமா? பள்ளிக்கூட நாடகத்தில் எனக்கு எப்போதும் அரக்கி வேசம். மை பூசத் தேவையில்லை, மிச்சம் என்று டீச்சர் சிரிப்பார். வகுப்புப் படத்தில் பின் வரிசை. ரத்தோட்டை பஸ்ஸில் கண்டக்டர் "களு நங்கி, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் கத்துவான். கறுப்புத் தங்கச்சி, முன்னுக்குப் போ என்று. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். முன்னால்தான் போவேன், வேறு எங்கே போவது? அம்மாவைப் பற்றி எழுதியதையும் வாசி:

*பீர்க்கு நாரால் அம்மா தேய்த்தாள்*
*கழுத்தை, முழங்கையை, கணுக்காலை.*
*தேய்த்துவிட்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பாள்.*
*பயற்றம் மா, எலுமிச்சை, மறுபடியும் நார்.*
*எரியுது என்றேன்.*
*எரிஞ்சா போகுதுன்னு அர்த்தம் என்றாள்.*
*தோல்தான் போனது.*
*அடியில் வந்த தோலும் கறுப்பு.*

அம்மா கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. பயந்தவள். அந்தப் பயம்தான் என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனது, அந்தப் படத்தைத் தரகரிடம் கொடுத்தது. படத்தைப் பார்த்தவர்கள் உன்னைப் பார்த்ததும் நீதான் அது என்று நினைத்ததில் என்ன ஆச்சரியம்? அம்மாவின் கண்ணுக்கே அந்தப் படத்தில் தெரிந்தது நீதானே.

மகளுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறாய். அவளுக்கு ஏற்கெனவே தெரியும், துஷா. கறுப்பாக வளர்கிற பிள்ளைக்கு யாரும் புத்தகம் போட்டுச் சொல்லத் தேவையில்லை. அவள் உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். நான் அம்மாவிடம் சொன்னேனா?

உன் மாமியைப் பற்றி நீ பேசாமல் இருப்பதே நல்லது. ஒரு பெண்பிள்ளையை வீட்டுக்குள் வந்து ஆட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்து, இது வேண்டாம், அது வேண்டும் என்ற கிழவி. அவர் கையால் இதுவரை ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. இனியும் வாங்கப் போவதில்லை.

மாப்பிள்ளை உனக்குக் கிடைத்தார். வைத்துக்கொள். எனக்குக் கவிதை கிடைத்தது. அதை எனக்கு விடு.

சந்திரகாந்தா


எல்கடுவ
2024 மே 27

அக்கா,

பதில் போடுவதில்லை என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தைக் கிழித்தும் போட்டேன். நேற்று நடந்ததற்குப் பிறகு உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது சடங்கு என்றால் வாசலில் பெனர் கட்ட வேண்டும். பிள்ளையின் படம் போட்டு, பெயர் போட்டு, ஆள் உயரத்துக்கு. படம் எடுக்க சசிக்குமாரை வரச் சொல்லியிருந்தார் டிலுக்ஷி அப்பா. நல்ல பொடியன். பிள்ளைக்குச் சேலை கட்டி, தேயிலை மலைப் பக்கம் நிற்கவைத்து எடுத்தான். அவளுக்கு ஒரே சிரிப்பு. போகும்போது இவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். காசு விசயம் என்று நினைத்தேன்.

நேற்று பெனர் வந்தது. வாசலில் விரித்தார்கள். அக்கா, அதில் இருந்தது டிலுக்ஷி இல்லை. கண் அவளுடையது, சேலை அவளுடையது. முகமும் கையும் கழுத்தும் மா பூசினதுபோல. பக்கத்து லயத்துப் பிள்ளைகளெல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். டிலுக்ஷி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யாரும்மா?" என்று கேட்டாள். சும்மா கேட்டாள், அழவில்லை.

அவர் சிரித்துக்கொண்டு, நீதான் தங்கம், எவ்வளவு அழகா இருக்க பாரு என்றார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு ஒருத்தன் பார்க்க வரணும்ல. இப்பவே நல்ல படம் ஒண்ணு இருக்கட்டும்."

நான் அவர் பக்கத்தில் நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன்.

உன் கவிதை பிழை. அன்றைக்கு, பொண்ணு எங்க என்று கேட்டதும் நீ தட்டை வைத்துவிட்டுப் பின்கதவால் பீலிக்குப் போய்விட்டாய். பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அதற்குப் பிறகு நடந்தது உனக்கு அம்மா சொன்னதுதான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

அம்மா உளறிக்கொண்டே, தட்டுக் கொண்டாந்ததுதான் பொண்ணு, படத்துல இருக்கிறது அவதான் என்றாள். மாமிக்கு விளங்கிவிட்டது. மாமி சொன்னது இதுதான்: "பேசி வந்தது பெரியவளுக்கு. பேசுனா பேசுனதுதான். அந்தப் புள்ளையக் கூப்பிடுங்க, எங்க அது?" உன்னைக் கூப்பிடப் பின்பக்கம் எழுந்தே வந்தார். மாமியின் நிறத்தை நீ என்றைக்காவது சரியாகப் பார்த்திருக்கிறாயா? உன் நிறம்தான்.

இவர்தான் மாமியின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, என்னைக் காட்டி, நீ மாமி வாயில் போட்டிருக்கிற அந்த வார்த்தையைச் சொன்னார். இவதான், இவளையே குடுங்க என்று. கத்தவில்லை, சண்டை பிடிக்கவில்லை. கடையில் சாமான் மாற்றுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

மாப்பிள்ளையாக வீட்டுக்கு வரப்போகிறவர் மேல் உனக்கு வெறுப்பு வரக் கூடாது என்று அம்மா பழியைத் தூக்கி மாமி தலையில் போட்டாள். மாமியிடமும் சொல்லித்தான் போட்டாள். போகட்டும், ரெண்டு பொண்ணும் ஒண்ணா இருக்கணும், என் பேர்ல இருக்கட்டும் என்று மாமி ஒத்துக்கொண்டார். நீ வெற்றிலை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதெல்லாம் அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். என்னையும் பேச விடமாட்டார்.

நான் இவ்வளவு காலமும் என்ன நினைத்தேன் தெரியுமா? சின்ன வயசில் தெரியாமல் சொன்னார், இப்போது சொந்தப் பிள்ளை கறுப்பு, மனுசன் மாறியிருப்பார் என்று. நேற்று அதே குரலில் பேசினார், அக்கா. அதே குரல்.

இனி நீ என்ன செய்ய வேண்டுமோ செய். ஆனால் மாமியைப் பற்றிப் பொய்யை அச்சில் போடாதே.

துஷா


மாத்தளை
2024 மே 30

துஷாக்குட்டி,

பாமசியில் நின்றபடியே வாசித்தேன். பிறகு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு உன் மேல் கோபம் வரவில்லை. நீ அந்தக் குரலோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாய். நான் தூரத்தில் இருந்து கவிதைதான் எழுதினேன்.

மாமியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட எழுந்து வந்த ஒரே மனுசி. இந்தக் கவிதையில் அவரைத்தான் நான் குத்தியிருக்கிறேன்.

ஸக்கரியா நானாவிடம் பக்கத்தைத் திருப்பி வாங்கினேன். நல்ல கவிதைதானே, ஏன் என்றார். பிழையான ஆளைப் பிடித்துவிட்டேன் என்றேன்.  மற்றப் பக்கமெல்லாம் அடித்து முடிக்கும்வரை இதை அடிக்காமல் வைத்திருக்கிறேன், அவசரமில்லாமல் ஆறுதலாகக் கொண்டாங்க என்றார். தட்டைப் பிடித்திருந்தவை என் கைகள்தான் என்கிற வரிவரை பழையபடிதான், அதற்குப் பிறகு கவிதை இப்போது இப்படி இருக்கிறது:

*கறுத்த கிழவி ஒருத்தி எழுந்தாள்.*
*"பேசி வந்தது பெரியவளுக்கு.*
*அந்தப் புள்ளையக் கூப்பிடுங்க."*
*மகன் அவளை உட்காரவைத்தான்.*
*படத்தை எடுத்தான், தங்கையைக் காட்டினான்:*
*"படத்தில இருக்கிறது இவதான்.*
*இவளையே குடுங்க."*
*நான் பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.*
*என்னைத் தேடி ஒருத்தி பாதி வழி வந்தாள் என்று*
*எனக்கு யாரும் சொல்லவில்லை.*

இதைப் போடுவதா வேண்டாமா என்று நான் முடிவு எடுக்கப் போவதில்லை. முன்னே இது என்னுடைய கதை என்று வீராப்பாக எழுதினேன். அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். இது அச்சில் வந்தால் நாளைக்கு மாப்பிள்ளையின் முகத்தில் முழிக்க வேண்டியவள் நீ. ஓட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் அவரை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அந்தக் கோபம் யார் மேல் விழும் என்று எனக்குத் தெரியும். டிலுக்ஷிக்கு அப்பா வேண்டும் என்று நீ முதலில் எழுதியது இப்போதும் நியாயம்தான். வேண்டாம் என்று ஒரு சொல் எழுது. எடுத்துவிடுகிறேன், மனவருத்தம் இல்லை.

கவிதையை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன்.

அக்கா


எல்கடுவ
2024 ஜூன் 4

அக்கா,

சடங்கில் நீ மாமி காலில் விழுந்ததைப் பார்த்துச் சனமெல்லாம் ஆசீர்வாதம் வாங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டார்கள். மாமிக்கு விளங்கியது. நீ போன பிறகு, அவளுக்கு எப்படித் தெரிஞ்சது என்று என்னைக் கேட்டார். நான்தான் சொன்னேன் என்றேன். மாமி என் தலையைத் தடவிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நேற்றுக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். பந்தல்காரர்கள் தகரம் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் வாசலில் பெனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார், டிலுக்ஷி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமி உள்ளே இருந்தார். உன் கடிதம் வந்ததிலிருந்து அதை மடியில்தான் வைத்திருந்தேன். எடுத்தேன். அவர் முன்னால் நின்று கவிதையை வாசித்தேன். உரக்க இல்லை, அவர்கள் மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி.  முதல் பாதி எனக்கு மனப்பாடமாகிவிட்டது, அதனால் நிற்காமல் போக முடிந்தது.

வாசித்து முடித்ததும், இது உங்க அக்கா எழுதினதா என்று கேட்டார். ஆமாம், ஆனா சொன்னது நான் என்றேன். பிள்ளைக்கு முன்னால ஏன் என்றார். பிள்ளைக்குத்தான் வாசிச்சேன் என்றேன். இவ்வளவு வருசத்தில் அவரிடம் அப்படி நான் பேசினதில்லை.

நான் பயந்ததெல்லாம் நடக்கப்போகிறது என்று டிலுக்ஷியைப் பார்த்தேன். ஓடிப்போவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் பெனர் முனையை விடவில்லை. அந்த வெள்ளை முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரைக் கேட்டாள்:

"அப்பா, நாளைக்கு என்னயப் பார்க்க வர்றவன் இவளத்தான் குடுங்கன்னு கேட்டா, நீங்க யாரக் குடுப்பீங்க? எனக்குத் தங்கச்சியும் இல்லையே."

அவர் பெனரைப் போட்டுவிட்டு ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை. இனி வரமாட்டாரோ என்றுகூட நினைத்தேன். பின்னேரம் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. சாப்பாடு போட்டேன், சாப்பிடவில்லை.  இன்றைக்கும் ஹயர் போகவில்லை.

கவிதையைப் போடு. ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். இங்கே வருவது எதுவானாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். டிலுக்ஷி மற்றக் கவிதைகளையும் கேட்கிறாள். நீ அரக்கி வேசம் போட்டதைச் சொன்னேன், அதைப் பற்றிக் கவிதை இருந்தால் அதுதான் முதலில் வேண்டுமாம். இவளுக்கும் போன வருசம் அதே வேசம்தானாம், இன்றைக்குத்தான் என்னிடம் சொல்கிறாள்.

இதை எழுதும்போது அவள் வாசற்படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டதைத் திரும்பக் கேட்கவில்லை, பதில் வருகிறவரை எழுந்து போகவும் மாட்டாள் போல. அவர் இரண்டு தடவை வாயைத் திறந்தார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

துஷா